இரண்டாம் நோக்கர்

2025 பிப்ரவரி 6, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை அன்று. 5.25க்கு வந்தது, 6.40க்கு நின்றது. இரண்டு டிரம், நான்கு குடம், சமையலறைத் தொட்டி எல்லாம் நிரம்பின. 7.10க்கு இரண்டு தோசை, முந்தின நாள் தக்காளிச் சட்னி. மதியத்துக்கு அவரைக்காய்ப் பொரியலும் ரசமும் டப்பாவில் வைத்தேன். 7.50க்கு நாகல் நகர் நிறுத்தத்தில் பேருந்து. தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருந்ததால் பழனி சாலையில் பாதயாத்திரைக்காரர்கள் இடது ஓரம் முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். பேருந்து அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தது. கல்லூரிக்கு இருபத்தைந்து நிமிடம் தாமதம். முதல் வகுப்புக்குள் நான்கு நிமிடம் பிந்தி நுழைந்தேன். வருகைப் பதிவேட்டில் அந்த நான்கு நிமிடத்தை நானே குறித்தேன், யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் வரை குறிப்பில் இவ்வளவுதான். மீதியை அன்றிரவு எழுத முடியவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில், பழனி சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் பதினாறு வருடமாகத் தனியாக இருக்கிறேன். தம்பி சொந்த ஊரில், பழனிக்குப் பக்கத்துக் கீரனூரில், தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கும் ஊருக்கும் நான் நிலாவில் குழி எண்ணுகிற டீச்சர்.

அது பொய்யும் இல்லை. நிலவில் இறங்கும் கலம், தரையை நெருங்கும் கடைசி நிமிடத்தில் பூமியைக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. கீழே குழி இருக்கிறதா, பாறை இருக்கிறதா என்று அதுவே பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பார்வையைத்தான் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். அதற்குக் கற்றுக்கொடுக்க, மனிதர்கள் உட்கார்ந்து குழி குழியாக வட்டம் போட்டு வைத்த படங்கள் வேண்டும். கோள்களை ஆராயும் பெரிய இடங்களில் நிரல் எழுத ஆள் உண்டு. வட்டம் போட ஆள் கிடைப்பதில்லை. அதற்கென்று சிறு கல்லூரிகளுக்கு அரசு நிதி தரும் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டபோது நான் விண்ணப்பித்தேன். நிலவின் தென்பகுதிப் படங்கள் ஆயிரத்து நூற்று அறுபது. மூன்று வருடம். மூன்றாம் வருட முடிவில் அறிக்கையைப் பார்த்து, வேலை சரியாக இருந்தால் இரண்டாம் கட்டமாக இன்னும் இரண்டு வருடம், செவ்வாய்க் கோளின் படங்களோடு.

நான் முதன்மை ஆய்வாளர். இணை ஆய்வாளர் கணிதத் துறைத் தோழி. நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். அவள் திண்டுக்கல் டவுன்காரி, கத்தோலிக்கக் குடும்பம். கணவர் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். மகன்கள் இருவரும் வெளியூரில். நிரல் எழுதுவதைத் தானாகவே கற்றுக்கொண்டவள். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் மதியச் சோறு சாப்பிட்டிருக்கிறோம். என் கீரனூர்ப் பேச்சு அவளுக்குப் பெரிய வேடிக்கை. துறைக் கூட்டத்தில் நான் எழுந்தால், "ஏனுங்க மேடம், சொல்லுங்க மேடம்" என்று காதருகே முணுமுணுப்பாள்.

திட்டத்தின் வழிகாட்டியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு நோக்கர்கள் தனித்தனியே பார்த்து வட்டம் போட வேண்டும். எல்லாம் முடிந்து பூட்டும் வரை ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒருவருக்குக் குழியாகத் தெரிவது இன்னொருவருக்கும் தானாகவே குழியாகத் தெரிந்தால்தான் அதை நம்பலாம் என்பது அதன் பொருள். நான் அதற்கு மேல் ஒன்று சேர்த்தேன். படங்களைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று. பேச்சிலேயே கண் சாய்ந்துவிடும் என்று எனக்குப் பயம். அவள் சிரித்தாள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட மறுபக்கம் கேட்க ஒரு சாமியார் உட்கார்ந்திருப்பார், நீ அவரையும் எழுப்பி அனுப்பிவிட்டாய் என்றாள். ஆனால் ஒப்புக்கொண்டாள்.

இயற்பியல் ஆய்வகத்தை ஒட்டிய பழைய சாமான் அறையைக் கேட்டு வாங்கினோம். நடுவில் ஒரு இரும்பு பீரோ. அந்தப் பக்கம் அவள் திரை, இந்தப் பக்கம் என் திரை. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4.00 முதல் 5.30 வரை. உதவியாளர் ஒருவருக்கு நிதியில் இடம் இருந்தது. அந்தச் சம்பளத்துக்கு யாரும் வரவில்லை. அதனால் நாங்களே போட்டோம்.

படங்கள் கறுப்பு வெள்ளை. சூரியன் எப்போதும் தாழ்வாக இருக்கும். நிழல்கள் நீண்டு கிடக்கும். புதிய குழி என்றால் கஷ்டம் இல்லை, விளிம்பு கூர்மையாக இருக்கும். பழைய குழிகள்தான் சோதனை. விளிம்பு தேய்ந்து, பாதி மண் நிரம்பி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடக்கும். பதினைந்து நிமிடம் ஒன்றையே பார்த்திருப்பேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் மவுஸ் சத்தம் கேட்கும். ஒரு சொடுக்கு என்றால் வட்டம் போட்டாள். இரண்டு என்றால் அழித்தாள். நீண்ட நேரம் சத்தம் இல்லையென்றால் அவளும் என்னைப் போலவே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். எட்டிக் கேட்டால் ஒரு நொடி. கேட்டதில்லை.

கேட்கக் கூடாது என்பது மாலையில் மட்டும் நிற்கவில்லை. அதற்கு முன் மதியச் சாப்பாட்டில் எதையெதையோ பேசுவோம்; திட்டம் வந்த பிறகு எங்கள் இருவர் மனதிலும் இருந்தது அந்தப் படங்கள்தான். அதைப் பேசக் கூடாது என்றதும் மற்றதெல்லாம் சேர்ந்து குறைந்தது. இரண்டாம் வருடத்தில், "இன்னைக்கி என்ன வெஞ்சனம்?" என்று அவள் கேட்பாள். நான் பொரியலோ கூட்டோ சொல்வேன். அவள் டப்பாவைத் திறந்து காட்டுவாள். பிறகு சாப்பிடுவோம். என் நாட்குறிப்பில் அந்த வருடம் முழுக்க அவளைப் பற்றி இருப்பது வெஞ்சனப் பெயர்கள். அவரை, புடலை, முட்டைக்கோஸ், கருவாடு.

இன்னொரு விதியும் வைத்திருந்தேன். சேமித்த பிறகு எந்த வட்டத்தையும் திருத்துவதில்லை. கை வழுக்கித் தப்பாகப் போட்டாலும் அது அப்படியே இருக்கும். நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைப்பேன். மனிதக் கை எவ்வளவு தவறும் என்பதும் ஒரு தகவல். 2024 ஆகஸ்ட் 19, திங்கள், மாலை 4.52. அப்பாவின் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்கத் தம்பி அழைத்தான். எங்கள் வீட்டில் நாள் கிழமை எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். போனை எடுக்கக் கை நகர்ந்தபோது 1043ஆம் படத்தின் வலது கீழ் மூலையில், வெறும் சமதரையில், ஒரு வட்டம் விழுந்து சேமிக்கவும் பட்டுவிட்டது. "1043, வ.கீழ், தவறு. திருத்தவில்லை" என்று அன்று எழுதியிருக்கிறேன்.

2025 ஜனவரி 31க்குள் எல்லாப் படங்களையும் முடித்துப் பூட்டினோம். அவள் நிரலுக்கு அவற்றைக் கொடுத்துப் பயிற்றுவித்தாள். பிப்ரவரி 5, புதன் அன்று அறிக்கையின் கையெழுத்துப் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். 7ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இணை ஆய்வாளர் கையெழுத்து இல்லாத அறிக்கையை நிதிக்குழு எடுத்துக்கொள்ளாது.

பிப்ரவரி 6 மதியம் எனக்கு வகுப்பு இல்லை. அறிக்கையில் எல்லாம் தயார். 2024 கோடை விடுமுறைக்கு முன் முடித்த முதல் தொள்ளாயிரம் படங்களில், நாங்கள் போட்ட பத்து வட்டங்களில் ஏழு பொருந்தியிருந்தன. கடைசி இருநூற்று அறுபதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல். "தொடர்ந்த பயிற்சியால் நோக்கர்களின் கண் ஒத்துப் பழகியதை இது காட்டுகிறது" என்று நானே எழுதியிருந்தேன். எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தது. பேசாமலேயே நாங்கள் ஒரே மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்று நினைத்தேன்.

ஒரு படத்தை உதாரணமாகச் சேர்க்கலாம் என்று தோன்றியது. ஒருவர் கை தவறினால், மற்றவரின் வட்டங்களோடு ஒப்பிடும்போது அந்தத் தவறு எப்படித் தனியாக உதிர்கிறது என்று காட்ட. நாட்குறிப்பைப் புரட்டி 1043ஐ எடுத்தேன். என் வட்டங்கள் சிவப்பு, அவளுடையவை நீலம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தேன்.

வலது கீழ் மூலையில், வெறும் தரையில், என் சிவப்பு வட்டத்தைச் சுற்றி ஒரு நீல வட்டம் இருந்தது.

முதலில் அங்கே உண்மையிலேயே குழி இருக்கிறதோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு நாட்குறிப்பில் குறித்திருந்த மற்றத் தவறுகளைத் தேடினேன். தொள்ளாயிரத்துக்குப் பிறகு இன்னும் நான்கு. மூன்றில் நீலம் இருந்தது. அவற்றுக்கு முந்தியவை பதினொன்று. ஒன்றில்கூட இல்லை. எங்கள் இருவரின் கோப்புகளும் ஒரே சேமிப்பில்தான் இருந்தன. ஒருவருடையதை மற்றவர் திறக்க முடியாதபடி கடவுச்சொல் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. மணி 2.20.

3.45க்கு அவள் வந்தாள். சாலையோரப் பந்தலில் யாத்திரைக்காரர்களுக்குக் கொடுத்த சுண்டலைத் தொன்னையில் வாங்கி வந்திருந்தாள். பேயறைந்த மாதிரி ஏன் உட்கார்ந்திருக்கிறாய், பந்தலில் கூச்சமே இல்லாமல் இரண்டாவது தொன்னை கேட்டேன், ஒன்று உனக்கு என்றாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"இந்த வட்டத்த நீ எப்படிப் போட்டே?"

குனிந்து பார்த்தாள். "குழின்னு நெனச்சுப் போட்டிருப்பேன்."

"அது குழி இல்ல. என் கை தட்டினது. தம்பி போன் பண்ணினான்."

தொன்னையை மேசையில் வைத்தாள்.

"அப்ப நீ எழுதி வச்சிருப்ப," என்றாள். "நேரத்தோட."

"நாலு அம்பத்திரெண்டு."

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, பீரோவுக்கு என் பக்கம் உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

அவள் சொன்னதை நான் இடையில் நிறுத்தாமல் கேட்டேன். கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம் தொடங்கியதாம்; என் குறிப்பின்படி அந்த வாரம் 901ஆம் படத்தில் இருந்தோம். தேய்ந்த குழிகள் நிறைந்த ஒரு படம். நாற்பது நிமிடம் பார்த்தும் ஒன்று குழியா நிழலா என்று பிடிபடவில்லை. தன் வட்டத்தைப் போட்டுச் சேமித்த பிறகு, நான் என்ன பார்த்தேன் என்று அறிய என் கோப்பைத் திறந்தாள். நானும் அதே இடத்தில் போட்டிருந்தேன். அவ்வளவுதான் அன்று. மறுநாளும் திறந்தாள். சில வாரம் தன்னுடையதை முடித்த பிறகுதான் பார்த்தாள். பிறகு நான் போட்டு அவள் விட்டவற்றைச் சேர்க்கத் தொடங்கினாள். கடைசியில் முதலிலேயே என்னுடையதைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத் தன் கையால் போட்டாள். சோம்பல் இல்லை, ஒரு படத்துக்கு அதே நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பின்ன எதுக்கு?" என்றேன்.

"எதுக்கா? ஒரு பீரோவுக்கு அங்கிட்டு ஒக்காந்துகிட்டு நீ வாயத் தொறக்க மாட்ட. சோத்துல ஒக்காந்தா வெஞ்சனம். நான் யார்ட்டப் போயிப் பேசுறது, செவுத்துட்டயா? அதத் தொறந்தா நீ இருந்தே. இன்னது பாத்தேன்னு தெரிஞ்சுச்சு. அம்புட்டுத்தான்."

விதி இருந்ததே என்றேன்.

"விதி ஒன்னுது. வட்டத்தப் பாக்காதேன்னுதான் அவுக சொன்னது. பேசாதேன்னு எவன் சொன்னான்?"

அது சரி. யாரும் சொல்லவில்லை.

இனி என்ன செய்வது என்பது மிச்சம் இருந்தது. அறிக்கையை அப்படியே அனுப்பினால் இரண்டாம் கட்டம் கிடைக்கும் என்று எனக்கு ஏறக்குறைய நிச்சயம். அந்தக் கடைசிப் பொருத்தம்தான் அதன் பலம். 1043ஐ மட்டும் உதாரணத்திலிருந்து எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் வருமுன் அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் யோசித்தேன் என்பதை எழுதாமல் விட முடியாது. இந்த வேலை நின்றால் அறை மறுபடியும் சாமான் அறை ஆகும். மாலை நான்கு மணிக்கு மேல் எனக்குக் காத்திருப்பது தண்ணீர் டிரம்மும் ரேடியோவும். அவள் அதை அறிவாள். அதனால்தான் நேராகக் கேட்டாள்.

"ஒனக்கு ரெண்டாங்கட்டம் வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்பறம் என்ன? விடு. நெலாவுல போயி எவன் எண்ணிப் பாக்கப் போறான்?"

"ஒரு கலம் போய் எறங்கும். நம்ம வட்டத்த நம்பி."

"அது எறங்குறப்ப நம்ம ரெண்டு பேரும் ரிட்டயராகி மூட்டுவலித் தைலம் தேச்சுகிட்டு இருப்போம்."

நானும் சிரித்தேன். பிறகு, இருநூற்று அறுபது படங்களையும் விலக்கிவிட்டு, காரணத்தை ஒரு பத்தியாக எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. எழுது, நேற்று போட்ட கையெழுத்துப் பக்கம்தான் இருக்கிறதே, அதையே பின்னால் வைத்து அனுப்பிவிடு என்றாள். நீ படிக்காத எழுத்துக்கு உன் கையெழுத்தை வைக்க மாட்டேன், நாளைக்குப் படித்துப் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்றேன்.

"எம் பேருல நானே ஒப்புதல் வாக்குமூலம் குடுக்கணும். நீ வந்து நிப்ப, பேனாவோட."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். மணி 4.35. இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாலையும் அவள் "வாரேன்" சொல்லாமல் கிளம்பியதில்லை. அன்று சொல்லவில்லை. சுண்டலை நான் கல்லூரி வாயிற்காவலருக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது 6.20. பத்தியை ஆறு முறை எழுதினேன். முதல் முறை அவள் செய்ததை அப்படியே எழுதினேன். படித்தபோது ஒரு புகார் மாதிரி இருந்தது. கடைசி முறை, "எங்கள் ஏற்பாட்டில் இருந்த குறையால், 901 முதல் 1160 வரையிலான படங்களில் இரு நோக்கர்களும் தனித்தனியே இயங்கியதாகக் கொள்ள இயலாது. அவற்றை விலக்குகிறோம்" என்று முடிந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் உண்மை எந்த மூலையில் இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியாது. என் பேசா விதியைப் பற்றி எழுத அறிக்கையில் எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை.

7.10க்கு அவளை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. 7.30க்குத் தம்பி அழைத்தான். "ஏனுங்க்கா, எண்ணி முடிச்சாச்சுங்களா? பூசத்துக்கு வந்துட்டுப் போங்க" என்றான். வருகிறேன் என்றேன். வேறு ஏதாவது கேட்பான் என்று சற்று நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். தேங்காய் விலை சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மாடியில் துணி எடுக்கப் போனபோது நிலா பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. நாங்கள் பார்த்த தென்பகுதி அதன் கீழ் விளிம்பில், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடம். மூன்று வருடம் அதைப் பார்த்த இன்னொரு ஆள் ஊரில் ஒருத்தி இருந்தாள், மூன்று கிலோமீட்டருக்குள். அவள் போனை எடுக்கவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கட்டம் கிடைக்கவில்லை. கோடை விடுமுறைக்கு முன் கடிதம் வந்தது. முதல் தொள்ளாயிரம் படங்களைப் பொதுத் தொகுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். விலக்கியதற்கான காரணத்தைத் தெரிவித்தமைக்கு ஒரு வரியில் நன்றி இருந்தது. எங்கள் வட்டங்கள் எங்கோ ஒரு நிரலுக்குள் போயிருக்கும். அதை யாரும் எங்களுக்குத் தெரிவிக்கப் போவதில்லை. ஜூனில் அறையைத் திருப்பிக் கேட்டார்கள். உடைந்த ஒளியியல் மேசைகள் அங்கே திரும்பிவந்தன. அவள் மீது கல்லூரி நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. ஆனால் துறைத்தலைவர் பதவிக்கு அவள் பெயர் அந்த வருடம் போகவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. நாங்கள் சண்டை போடவில்லை. அவள் மதியச் சாப்பாட்டைத் தன் துறையிலேயே முடித்துக்கொள்ளத் தொடங்கினாள். பேருந்தில் பார்த்தால் இடம் பிடித்து வைப்பாள். படங்களைப் பற்றிப் பேச இப்போது தடை ஒன்றும் இல்லை. இரண்டு முறை பேச்சை எடுத்துப் பார்த்தேன். எண்களைச் சொன்னால் அவளுக்கு நினைவு வரவில்லை. எண்ணைக் கவனித்து வைத்தது நான் மட்டும்தான்.

மாலை நான்கு மணிக்கு இப்போது நூலகத்துக்குப் போகிறேன். 5.30க்குக் கிளம்பிவிடுகிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. காலையில் முதலில் செய்தது, அவளைத் தேடிப் போனது. மாதத்தின் முதல் வெள்ளி அது. தேவாலயத்தில் முதல் வெள்ளிக் காலைப் பூசையை அவள் தவறவிட்டு நான் அறிந்ததில்லை. பால் பாக்கெட்டை வாசலிலேயே விட்டுவிட்டு 5.55க்கு ஆட்டோ பிடித்தேன். கோவில் மதிலுக்கு வெளியே, மெழுகுவர்த்திக் கடைப் பக்கத்தில், கோப்போடு நின்றேன். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் கையெழுத்திடவில்லையென்றால் அறிக்கையே போகாது. மூன்று வருடமும் இல்லையென்று ஆகும். அதைச் சொல்லி அவளை நெருக்கக் கூடாது என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

6.35க்கு வெளியே வந்தாள். முக்காட்டை இறக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வேற மதத்துக்காரி வந்து வாசல்ல நிக்கிற. சாமியார் பாத்தா தண்ணி தெளிச்சு உள்ள சேத்துருவாரு. குடு."

கடைக்காரம்மாவிடம் செத்த நேரம் என்று சொல்லி, மெழுகுவர்த்திப் பெட்டிகளை ஒதுக்கி, மேசை விளிம்பில் தாளை வைத்துப் படித்தாள். பத்தியை இரண்டு முறை படித்தாள்.

"ஏற்பாட்டில் இருந்த குறையா? ஏற்பாடா வந்து எம் மவுஸப் பிடிச்சுச்சு?"

பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு மேலே எழுதினாள். "901ஆம் படம் முதல் இரண்டாம் நோக்கர், முதல் நோக்கரின் வட்டங்களைப் பார்த்துத் தன் வட்டங்களைப் போட்டார். அவற்றை விலக்குகிறோம்." ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டாள். அடுத்த தாளைத் திருப்பி முழுக் கையெழுத்தைப் போட்டு, தேதியும் எழுதினாள்.

பேசக் கூடாது என்று நான் வைத்த விதியையும் ஒரு வரி சேர்க்க வேண்டும், பிழையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன்.

"அத அவுக கேக்கல," என்றாள். "அத எங்கிட்டச் சொல்லு."

பூசை முடிந்து வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது என்றும், அவள் கண்ணை நம்பவில்லை என்பதல்ல, என் கண்ணைத்தான் நம்பவில்லை என்றும், ஒவ்வொரு மாலையும் மவுஸ் சத்தம் நின்ற போதெல்லாம் கூப்பிட நினைத்தேன் என்றும், கூப்பிடவில்லை என்றும் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "வாரேன்" என்று ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த பக்கம் போனாள்.

மணி 6.48.